பட்டினி போட்டால் பாசி சாகாது

பவளத் தொட்டியில் பாசி பிடித்துவிட்டது என்று யாரிடம் போய் நின்றாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "தண்ணியில சத்து ஏறிப்போச்சு சார். பாஸ்பேட்டை இறக்குங்க, நைட்ரேட்டை இறக்குங்க, தீனியைக் குறைங்க. பாசி தானா பட்டினி கெடந்து செத்துரும்." மீன் கடைக்காரரும் இதைத்தான் சொல்வார்; இருபது வருடமாகத் தொட்டி வைத்திருப்பவரும் இதைத்தான் சொல்வார். மதுரை பழங்காநத்தத்தில் ஒரு மாடி வீட்டின் முன்னறையில் நூறு லிட்டர் உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவருக்கும், சிங்கப்பூரில் ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்திருப்பவருக்கும் இதே மருந்துச் சீட்டு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சத்து இருந்தால் வளரும், இல்லாவிட்டால் வாடும் என்பதில் என்ன தப்பு? தப்பு இருக்கிறது. இந்தக் கோட்பாடு பாதி உண்மை. மீதிப் பாதியை மறைத்துக்கொண்டு அது தொட்டிகளைக் கெடுக்கிறது. பாசியை விட்டுவிட்டுப் பவளத்தைக் கொல்கிறது. பாசி எவ்வளவு வளரலாம் என்பதற்கு ஒரு மேல் வரம்பைத்தான் சத்து வைக்கிறது. அந்த வரம்புக்குள் உண்மையில் எவ்வளவு நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பவை தின்னும் வாயும், பறிக்கும் கையும், பாறையில் இடம் பிடித்துக்கொள்ளும் மற்ற உயிர்களும்தான். தொட்டிக்கு மட்டுமல்ல, கடலுக்கும் இதுதான் கணக்கு.

சாட்சிக்கு வெகுதூரம் போக வேண்டாம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில் மண்டபம் வரை போனால் போதும். பாக் விரிகுடாக் கரையில் மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசியை வளர்க்கிறார்கள். 1990களில் மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் பரிசோதனையாக வளர்த்த அயல்நாட்டுப் பாசி அது. 2000க்குப் பிறகு பெப்சிகோ நிறுவனத்தின் ஒப்பந்தச் சாகுபடி வழியாக மீனவப் பெண்களின் தொழிலாயிற்று. நட்ட நாற்பத்தைந்து நாளில் அறுவடை. இந்தப் பயிருக்கு யாரும் உரம் போடுவதில்லை. ஆனால் மிதவைக்கு அடியில் தவறாமல் வலை கட்டுகிறார்கள். எதற்கு? மீன் தின்றுவிடும் என்பதற்காக. பாசியைக் காசாக்குகிறவருக்குத் தன் பயிரின் எதிரி யார் என்று தெரிந்திருக்கிறது. சத்துக் குறைவைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஓரா மீனைப் பற்றித்தான் கவலைப்படுகிறார். பாசியை ஒழிக்க நினைக்கும் நாம் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, மீனை மறந்து சத்தைத் துரத்துகிறோம்.

இதே கப்பாபைகஸ் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளங்களின் மேல் படர்ந்து மூடியிருப்பதை 2008-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் பதிவு செய்தார்கள். யாரும் உரம் கொட்டாத கடல் அது. தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் தீவு. வெளிச்சத்துக்குக் கை நீட்டி நிற்கும் கொம்புப் பவளங்களின் மேல் அந்தப் பாசி பாயாக விரிந்து, அவற்றை மூச்சு முட்ட வைத்தது. பிறகு பக்கத்துத் தீவுகளிலும் தென்பட்டது. வனத்துறை ஆட்களை இறக்கிக் கையால் அகற்றியது. விட்டுப்போன துண்டுகளிலிருந்து அது மறுபடி துளிர்த்தது. சத்தை இறக்கினால் பாசி போய்விடும் என்பவர்கள் குருசடையில் எந்தச் சத்தை இறக்கச் சொல்வார்கள்?

உலகக் கடல்கள் இன்னும் உரக்கவே சொல்கின்றன. 1983-இல் கரீபியன் கடலில், பனாமா பக்கம் தொடங்கி, நீண்ட முள் கொண்ட கருப்புக் கடல் முள்ளெலிகள் ஒரு நோயால் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஓராண்டுக்குள் பெரும்பாலான இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காலி. ஜமைக்காவில் மீன்களை ஏற்கெனவே அள்ளித் தீர்த்திருந்தார்கள். பாறையை மேய்ந்துகொண்டிருந்த கடைசி ஆள் இந்த முள்ளெலிதான். அதுவும் போனபின் நடந்ததை டெரன்ஸ் ஹியூஸ் என்ற ஆய்வாளர் 1994-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். 1970களின் பிற்பகுதியில் பாதிக்கு மேல் இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 1990களின் தொடக்கத்தில் 3 சதவீதத்துக்கு வந்தது. 4 சதவீதமாக இருந்த பாசி 92 சதவீதமாயிற்று. புயலும் சேர்ந்துதான் பவளத்தை நொறுக்கியது. ஆனால் நொறுங்கிய இடத்தில் மறுபடி பவளம் ஒட்ட விடாமல் பாசி உட்கார்ந்துகொண்டதற்குக் காரணம் மேய ஆளில்லாததே.

ஆஸ்திரேலியாவின் ஆர்ஃபியஸ் தீவில் இதைப் பரிசோதனையாகவே செய்து பார்த்தார்கள். பாறையின் சில பகுதிகளைக் கூண்டு போட்டு மூடி, பெரிய மீன்கள் உள்ளே வராமல் தடுத்தார்கள். கூண்டுக்கு உள்ளேயும் வெளியேயும் அதே தண்ணீர், அதே சத்து, அதே வெயில். உள்ளே சர்காசம் என்ற பாசி காடாக ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தது. வெளியே பாறை துடைத்தாற்போல் இருந்தது. கூண்டைப் பிரித்ததும் அந்தக் காட்டை மொட்டையடித்தது, அதுவரை யாரும் பாசி தின்னும் மீன் என்று கணக்கில் வைக்காத வவ்வால் மீன் வகை ஒன்று. தண்ணீரில் ஒரு மில்லிகிராம்கூட மாற்றாமல் பாசி வந்தது, பாசி போனது. பட்டினிக் கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் பார்த்துவிடுவோம். பிரையன் லபாயிண்ட் என்ற அமெரிக்க அறிஞர் 1997-இல் ஹியூஸின் முடிவை எதிர்த்தார். ஜமைக்காவில் நிலத்தடி நீர் வழியாகச் சத்து கசிந்ததுதான் பாசிக்குக் காரணம் என்றார். பவளப் பாறையில் பாசி பெருகுவதற்கு ஒரு வாசல் அளவையும் சொன்னார். பாஸ்பரஸ் கணக்கில் அது லிட்டருக்கு 0.1 மைக்ரோமோல். தொட்டிக்காரர்களின் மொழியில் சுமார் 0.01 மில்லிகிராம் பாஸ்பேட். சரி, லபாயிண்ட் சொன்னதையே வேதவாக்காக எடுத்துக்கொள்வோம். கடையில் வாங்கும் டெஸ்ட் கிட் பெரும்பாலானவை இந்த அளவில் நிறம் காட்டவே திணறும். நீங்கள் பாஸ்பேட்டை 0.1-இலிருந்து 0.03-க்கு இறக்கியதாக மகிழ்ந்தாலும், அவர் சொன்ன வாசலுக்கு மூன்று மடங்கு மேலேதான் நிற்கிறீர்கள். பாசிக்கு அது விருந்துதான். மீனுக்குத் தீனி போடும் எந்தத் தொட்டியையும் அந்த வாசலுக்குக் கீழே நிலையாக நிறுத்த முடியாது. பட்டினிக் கோட்பாட்டை அதன் சிறந்த ஆதரவாளரின் எண்ணை வைத்தே அளந்தாலும், வீட்டுத் தொட்டியில் அது நடக்காத காரியம்.

பாசியின் உடலமைப்பே இதற்குச் சாட்சி. கடல் மிதவை நுண்ணுயிர்களில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் 106:16:1 என்ற விகிதத்தில் இருக்கும் என்பதைத் தொட்டிக்காரர்கள் மந்திரம்போல் ஓதுவார்கள். பாறையில் ஒட்டி வளரும் பாசிகளில் அந்த விகிதம் சராசரியாக 550:30:1 என்று அட்கின்சன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் 1983-இலேயே காட்டிவிட்டார்கள். ஒரு துளி பாஸ்பரஸை வைத்துக்கொண்டு ஐந்து மடங்கு உடலைக் கட்டிக்கொள்ளும் சிக்கனக்காரனைப் பட்டினி போட்டுச் சாகடிக்கப் பார்க்கிறோம்.

அந்தப் பட்டினியில் முதலில் விழுவது யார்? பவளம். பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுவதும் ஒரு நுண்பாசிதான். வெளியில் இருக்கும் பாசியைப் பட்டினி போட்டு உள்ளே இருக்கும் பாசியை மட்டும் வாழவைக்கும் வித்தை எந்த ரசாயனத்துக்கும் தெரியாது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஜார்க் வீடன்மன் குழு 2013-இல் காட்டியது இதைத்தான்: நைட்ரேட் இருந்து பாஸ்பேட் வறண்டுபோனால், வெயிலுக்கும் சூட்டுக்கும் பவளம் எளிதில் வெளிறிவிடும். சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டத் துடிக்கும் ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு இரும்பு ஆக்சைடு குருணையைப் பை பையாகப் போட்டுப் பாஸ்பேட்டை உறிஞ்சுவது, வெயிலில் நிற்பவனின் குடையைப் பிடுங்கும் வேலை. போதாக்குறைக்கு, சத்தைச் சுத்தமாக வடித்த தொட்டிகளில்தான் பழுப்புச் சளிபோல் டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட்) தலைகாட்டுகிறது என்பதை இந்தத் துறையில் அடிபட்ட யாரும் சொல்வார்கள். பச்சைப் பாசியை விரட்டி, நத்தைக்கே நஞ்சாகும் ஒன்றைக் கூப்பிட்டு உட்கார வைத்த கதை அது.

"நான் பாஸ்பேட்டை இறக்கினேன், பாசி போச்சே" என்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே வாரங்களில் அவர்கள் வேறு என்னென்ன செய்தார்கள் என்று கேளுங்கள். கையால் பறித்திருப்பார்கள், விளக்கு நேரத்தைக் குறைத்திருப்பார்கள், நத்தை வாங்கி விட்டிருப்பார்கள். பலன் முழுவதும் பாஸ்பேட் மருந்து பாட்டிலின் கணக்கில் எழுதப்படும். இன்னொரு வேடிக்கை: டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டும், பாறையில் பாசி மண்டிக் கிடக்கும். தண்ணீரில் இல்லாத சத்து எங்கே? பாசிக்குள் இருக்கிறது. வந்ததை வந்த வேகத்தில் அது விழுங்குவதால்தான் எண் பூஜ்யமாகிறது. அதைப் பார்த்து இன்னும் இறக்க முயல்வது பவளத்தின் பங்கையும் பிடுங்குவதே.

சத்தைக் குறைத்து வென்றதாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற உதாரணம் ஹவாயின் கனேயோஹே விரிகுடா. அதையும் முழுதாகப் படிக்க வேண்டும். அந்த விரிகுடாவில் விழுந்துகொண்டிருந்த கழிவுநீரை 1977-78-இல் ஆழ்கடலுக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே பவளத்தை மூடியிருந்த பச்சைக் குமிழ்ப்பாசி முதலில் குறைந்தது உண்மை. அதன்பின் பல ஆண்டுகள் அது போகாமல் உட்கார்ந்தேயிருந்தது. 2006 மார்ச்சில் வாரக்கணக்கில் மழையும் மேகமும் சூழ்ந்து வெளிச்சம் குன்றியபோதுதான் அது சரிந்தது. சத்தை வெட்டியதால் முடியாததை வெளிச்சக் குறைவு முடித்து வைத்தது. பழங்காநத்தத்தில் மேற்குப் பார்த்த ஜன்னலோரம் தொட்டியை வைத்துவிட்டு நைட்ரேட்டை அளந்துகொண்டிருப்பவர்கள் முதலில் திரைச்சீலை வாங்க வேண்டும்.

அதே விரிகுடாவில் கப்பாபைகஸும் உண்டு. 1974-இல் வளர்ப்புக்காகக் கொண்டுவந்தார்கள். அதுவும் அதன் உறவுப் பாசியும் பவளங்களை மூடின. குருசடைக்கு வந்த அதே சிக்கல். ஹவாய் அரசு செய்தது இரண்டு வேலை. படகில் பொருத்திய பெரிய உறிஞ்சுகுழாயை வைத்து, முக்குளிப்போர் கையால் பறித்த பாசியை மேலே இழுத்தார்கள். அடுத்து, 2011 முதல், குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்த உள்ளூர் முள்ளெலிகளை லட்சக்கணக்கில் அந்தப் பாறைகளில் விட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து அளந்தபோது, இவ்விரண்டும் செய்யப்பட்ட பாறையில் அயல் பாசி 85 சதவீதம் குறைந்திருந்ததாக 2018-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. கை முதலில், வாய் பிறகு. விரிகுடாவின் தண்ணீரை யாரும் வடிகட்டவில்லை. குருசடையில் கை மட்டும் வேலை செய்தது. பின்னாலேயே மேய்வதற்கு வாய்களை யாரும் அனுப்பவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

தொட்டிக்கு இதன் பொருள் என்ன? முதல் வேலை, கூச்சமில்லாமல் பறிப்பது. "அது நோய்க்கு மருந்தில்லை, அறிகுறியைத்தான் துடைக்கிறாய்" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். ஆனால் பறிப்பதிலும் முறை இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களில் தொழில் தெரிந்தவர்கள் பாறையோடு ஒட்டிய அடியை விட்டு நுனியை மட்டும் எடுப்பார்கள். மறுபடி வளர வேண்டும் என்பதற்காக. தொட்டிக்குள் கையை விட்டு நுனியைக் கிள்ளி எறிகிறவர் அதே அறுவடையைத்தான் செய்கிறார், காசில்லாமல். பாறையை வெளியே எடுங்கள். வேறு வாளியில் உப்புத் தண்ணீர் வைத்துக் கடினமான டூத் பிரஷ்ஷால் அடியோடு தேயுங்கள். விடாப்பிடியான இடத்தில் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் துளித்துளியாக விட்டுச் சில நிமிடம் கழித்து அலசுங்கள். பவளம் ஒட்டியிருக்கும் பக்கத்தில் மட்டும் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேய்த்த வாளித் தண்ணீரைத் தொட்டிக்குள் கொட்டிவிடாதீர்கள். அதிலிருக்கும் ஒவ்வொரு துண்டும் அடுத்த செடி.

இரண்டாவது வேலை, வாய்களைச் சேர்ப்பது. நீண்டு தொங்கும் முடிப்பாசியை நத்தை தொடாது; அதனால்தான் நத்தை விட்டவர்கள் பலர் "பிரயோஜனமில்லை" என்கிறார்கள். பாறையை மொட்டையடித்தபின் முளைக்கும் குருத்தைத்தான் நத்தையும் முள்ளெலியும் தின்னும். ஒரு தொட்டிக்கு இரண்டு நத்தை என்பது காட்சிக்கு. மேய்வதற்கு என்றால் வகைக்குச் சிலவாகப் பல வகை வேண்டும். ஒன்று கண்ணாடியை மேயும், ஒன்று பாறையை, ஒன்று மணலை. இடமிருந்தால் ஓரா மீன் குடும்பத்தில் ஒன்று. ஆனால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். கல்பவளங்கள் அனைத்தும், மணல் துப்புரவுக்குப் பெயர்போன கடல் அட்டைகளும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது 'லைவ் ராக்' நீட்டினால் வாங்காதீர்கள். நம் தொட்டியின் பாசிக்காகக் கடலின் பாறையைப் பெயர்ப்பது, குருசடையின் காயத்தைப் பெரிதாக்குவதுதான்.

மூன்றாவது, இடத்தை வேறொருவரிடம் ஒப்படைப்பது. வெறும் பாறை என்று ஒன்று கடலில் கிடையாது. ஏதாவது ஒன்று அதில் குடியேறியே தீரும். தண்ணீரில் கால்சியமும் காரத்தன்மையும் நிலையாக இருந்தால் இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசி பாறையைப் பூசிக்கொள்ளும். அதன் மேல் முடிப்பாசி எளிதில் வேர் பிடிக்காது. இங்கேதான் மருந்து வைத்தியம் தோற்கிறது. பிரயாப்சிஸ் என்ற பச்சைப் பாசிக்கு ஃப்ளூகோனசோல் மருந்து போடுகிறார்கள். இரண்டு வாரத்தில் வெளுத்துச் சாகிறது என்பது உண்மையே. ஆனால் சாவது பாசி மட்டும். காலியான பாறை அப்படியே நிற்கிறது, அழுகிய பாசியின் சத்து தண்ணீருக்குத் திரும்புகிறது, மேய ஆளில்லை. அடுத்த மாதம் சயனோ (சயனோபாக்டீரியா) வந்து உட்காரும். செம்பு கலந்த பாசிக்கொல்லி இதைவிட மோசம். மேய்வதற்கு இருந்த நத்தையையும் இறாலையும் அதுவே முடித்துவிடும்.

அப்படியானால் தண்ணீருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, குறிப்பாக இந்த ஊரில். கோடையில் தொட்டியிலிருந்து ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டத் தினமும் ஊற்றுகிறோம். உப்பு ஆவியாவதில்லை, ஊற்றும் தண்ணீரில் உள்ளதும் ஆவியாவதில்லை. போர் தண்ணீரை ஊற்றினால் அதன் நைட்ரேட்டும் சிலிகேட்டும் நாளுக்கு நாள் தொட்டிக்குள் சேரும். வீட்டு ஆர்.ஓ. எந்திரமும் நம்பத் தகுந்ததல்ல. குடிக்க ருசியாக இருக்க வேண்டும் என்று பல எந்திரங்கள் வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சத்தை மறுபடி கலந்துவிடுகின்றன. கேன் தண்ணீரிலும் தாது சேர்த்திருப்பார்கள். ஆர்.ஓ.வுக்குப் பின் டி.ஐ. ரெசின் வைத்து, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீரையே ஊற்ற வேண்டும். பாஸ்பேட் 1 மில்லிகிராமைத் தொட்டுவிட்ட தொட்டியில் அதை இறக்குவதும் நியாயமே. நான் மறுப்பது பூஜ்யத்தைத் தேடி ஓடும் வெறியை. உள்ளே புதிதாக வருவதைத் தடுப்பது வேறு, உள்ளே இருப்பதைச் சுரண்டிக் காலி செய்வது வேறு.

சத்தை எடுக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கும் பாசியே நல்ல கருவி. ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி 1980களில் நடத்திய பவளத் தொட்டிகளில் ரசாயன வடிகட்டி இல்லை. தனித் தட்டில் விளக்கடியில் தண்ணீரை ஓடவிட்டு, அதில் வேண்டுமென்றே பாசி வளர்த்து, வாரந்தோறும் சுரண்டி வெளியே எடுத்தார். காட்சித் தொட்டிக்குள் மேய்ச்சல், வெளித்தட்டில் அறுவடை. நம் ஊர்த் தொட்டிக்காரர்கள் சம்ப் எனும் துணைத் தொட்டியில் கஞ்சிப்பாசியை வளர்த்து அதையே செய்யலாம்.

இவ்வளவு சாட்சி இருந்தும் பட்டினிக் கோட்பாடு ஏன் ஓங்கி நிற்கிறது? அது பாட்டிலில் அடைத்து விற்கத் தோதானது. எண் காட்டும், வரைபடம் போடலாம், மாதந்தோறும் மறுபடி வாங்கலாம். டூத் பிரஷ்ஷையும் கைவலியையும் யாரும் விற்க முடியாது. நத்தையை ஒருமுறை வாங்கினால் அது பல வருடம் உழைத்துவிடும். சத்தே இல்லாத தரிசில் சீமைக் கருவேலம் எப்படிக் காடாகிறது என்பதைப் பார்த்து வளர்ந்த மதுரைக்காரர்களுக்காவது இது புரிய வேண்டும். மண்ணைப் பட்டினி போட்டு அதை ஒழித்தவர் யாருமில்லை. தூரோடு பிடுங்கி, அந்த இடத்தில் வேறொன்றை நட்டவர்களே ஒழித்தார்கள்.

அடுத்த முறை பாசிக்கு யோசனை கேட்கும்போது, "பாஸ்பேட் எவ்வளவு?" என்று எதிர்க்கேள்வி வரும். எண்ணைச் சொல்லுங்கள், அதோடு, அந்தத் தொட்டியில் மேய்வது எவை, கடைசியாகப் பாறையைத் தேய்த்தது எப்போது, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதையும் சொல்லுங்கள். இந்த மூன்றையும் காதில் வாங்காமல் பாட்டிலை எடுத்து நீட்டுகிறவருக்கு உங்கள் பணம் தேவைப்படலாம். உங்கள் பவளத்துக்கு அவர் தேவையில்லை.